ஆலன் கீ கையில இருக்குன்னு காம்பவுண்ட் வில்லைக் கழட்டாதீங்க

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரே கேள்வி வேற வேற வார்த்தையில திரும்பத் திரும்ப வந்துச்சு. “செகண்ட் ஹேண்ட்ல ஒரு காம்பவுண்ட் வில் வாங்கியிருக்கேன். நாண் பழசாயிடுச்சு, நானே வீட்டுல மாத்திக்கலாமா?” இன்னும் சிலர், “டிரா வெயிட்டை ஏத்திக்கலாமா?”ன்னு கேட்டிருந்தாங்க.

நியாயமான கேள்விதான். டூ வீலர் மக்கர் பண்ணினா தெருமுனையில மெக்கானிக் இருக்கார். காம்பவுண்ட் வில்லுக்கு அப்படி யாரும் கிடையாது. தெரிஞ்ச ரேஞ்ச் இருந்தா போகலாம், இல்லன்னா வேற ஊருக்குப் பார்சல் கட்டணும். அதனால யூடியூபைத் திறந்து வெச்சுக்கிட்டு ஆலன் கீயை எடுத்துடறோம். நானும் எடுத்தேன்.

புதுசா கேக்குறவங்களுக்காக ஒரு நிமிஷம். ஒலிம்பிக்ல இதுவரைக்கும் நாம பார்த்தது ரிகர்வ் வில். ரெண்டு முனையிலயும் சக்கரம் வெச்சு, நடுவுல கேபிள் குறுக்கும் நெடுக்குமா ஓடுதே, அதுதான் காம்பவுண்ட். 2023 ஆசிய விளையாட்டுல ஜோதி சுரேகா மூணு தங்கம் வாங்கினது இதுலதான். ஷீத்தல் தேவி காலால பிடிச்சு அம்பு விடுறாங்களே, அதுவும் இதுதான். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ல கலப்பு அணிப் போட்டியா முதல் தடவை உள்ள வருது. கையில பிடிக்கிற நடுப்பகுதி ரைசர். அதுல இருந்து மேலயும் கீழயும் நீளுற பட்டைகள் லிம்ப். முனையில இருக்கிற சக்கரம் கேம். இந்த மூணு பேர் போதும்.

இப்ப என் கதை. வில்லை மடியில வெச்சுக்கிட்டு ஹால்ல சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கேன். நாண்ல சுத்தியிருந்த நூல் பிரிஞ்சு வந்துடுச்சு, புது நாண் வாங்கி வெச்சாச்சு. லிம்பை ரைசரோட பிடிச்சு வெச்சிருக்கிற பெரிய போல்ட் ரெண்டு இருக்கு. அதைத் தளர்த்திக்கிட்டே போனா லிம்ப் தளரும், நாண் லூசாகும், கழட்டி மாட்டிடலாம். இதுதான் என் கணக்கு. ஒரு சுத்து, ரெண்டு சுத்து... எண்ணிக்கையை விட்டுட்டேன். திடீர்னு ‘க்ரக்’னு ஒரு சத்தம். நிறுத்திட்டேன். பயம்னு சொல்றதை விட, உள்ளங்கையில ஒரு குளிர்ச்சி. வில்லை அப்படியே ஒரு போர்வையில சுத்தி, எனக்குச் சொல்லிக் கொடுத்த கோச்சுகிட்ட எடுத்துட்டுப் போனேன். அவர் போல்ட்டைப் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: “தம்பி, இன்னும் எத்தனை மரை மிச்சம் இருக்குன்னு எண்ணினியா?” ரெண்டோ மூணோதான் இருந்துச்சு. அதுவும் போயிருந்தா லிம்ப் தெறிச்சு வந்திருக்கும். என் முகம் அதுக்கு நேரா ஒரு அடி தூரத்துல இருந்துச்சு.

நான் எங்க தப்பு பண்ணினேன்? சாதாரண வில்லை மனசுல வெச்சுக்கிட்டுத்தான். மிதிலையில ராமன் என்ன செஞ்சான்? நாண் ஏத்தினான். அதாவது அதுவரைக்கும் அந்த வில் நாண் இல்லாம, இழுவை இல்லாம படுத்திருந்துச்சு. ரிகர்வ் வில்லையும் வேலை முடிஞ்சதும் நாண் இறக்கி, பிரிச்சு, பைக்குள்ள வெச்சுடலாம். காம்பவுண்ட் வில்லை அப்படி இறக்க முடியாது. சுவத்துல மாட்டியிருக்கும்போதே அதோட லிம்ப் வளைஞ்சு, நாணும் கேபிளும் முறுக்கேறித்தான் இருக்கும். நாம இழுக்கிறது ஏற்கெனவே இருக்கிற அந்த சுமைக்கு மேல. அதைப் பத்திரமா எடுக்கறதுக்குன்னே ‘போ பிரஸ்’னு ஒரு கருவி இருக்கு. லிம்பை ரெண்டு பக்கமும் சமமா அமுக்கிப் பிடிச்சுக்கும், அப்பதான் நாண் தளரும்.

மரக்கட்டையும் ஜாக்கியும் வெச்சு அந்தப் பிரஸ்ஸையே வீட்டுல செய்யற வீடியோக்களும் இருக்கு. என் கருத்து: வேண்டாம். இப்ப வர்ற பல வில்லுல லிம்ப் கிட்டத்தட்ட படுக்கைவசமா, சிலதுல அதையும் தாண்டி வளைஞ்சிருக்கு. அதை முனைக்குப் பக்கத்துல சரியான இடத்துல தாங்கணும். தப்பான இடத்துல அமுக்கினா அப்பவே உடையணும்னு இல்ல, அதுதான் பிரச்சினையே. உள்ளே நார் விட்டுப்போயிருக்கும், ரெண்டு மாசம் கழிச்சு நீங்க முழுசா இழுத்துப் பிடிச்சிருக்கும்போது உடையும்.

எவ்வளவு சக்தின்னு ஒரு கணக்கு பார்ப்போம். சர்வதேசப் போட்டியில காம்பவுண்டுக்கு உச்ச வரம்பு 60 பவுண்ட், அதாவது சுமார் 27 கிலோ. 80 சதவீத லெட்-ஆஃப் இருக்கிற வில்லுன்னா, முழுசா இழுத்ததும் விரல்ல நிக்கறது 12 பவுண்டுதான். அஞ்சரை கிலோ கூட இல்ல. கைக்கு லேசா இருக்கு, ஆனா வில்லுக்குள்ள ஏறக்குறைய 100 ஜூல் உட்கார்ந்திருக்கு. அதுல 80 கிட்ட அம்போட வெளியே போயிடும். மணிக்கு 115 கிலோமீட்டர் வேகத்துல வர்ற கிரிக்கெட் பந்துக்கு இருக்கிற சக்தி அது. இப்ப அம்பே இல்லாம நாணை விட்டுட்டா? அந்த 80-ஐ எடுத்துட்டுப் போக ஆள் இல்ல. கேமும் லிம்பும் நாணுமே வாங்கிக்கும். கேம் வளையலாம், நாண் தடம் விட்டு வெளியே வரலாம், லிம்ப் சிராய் சிராயா பிளக்கலாம். இதுக்கு டிரை ஃபயர்னு பேரு. வீட்டுக்கு வந்த நண்பன் “இதை இழுத்துப் பார்க்கட்டா மச்சி?”ன்னு கேக்கறானே, அங்கதான் இது ஆரம்பிக்கும்.

வேகத்துக்காக ரொம்ப லேசான அம்பைப் போடறதும் பாதி டிரை ஃபயர் மாதிரிதான். பொதுவா சொல்ற குறைந்தபட்சம், ஒரு பவுண்டுக்கு 5 கிரெயின். 60 பவுண்ட் வில்லுன்னா அம்பு, முனை, எல்லாம் சேர்த்து 300 கிரெயின், அதாவது பத்தொன்பதரை கிராம் இருக்கணும். உங்க வில்லோட கையேட்டுல அதுக்கு மேல கேட்டிருந்தா கையேடு சொல்றதுதான் கணக்கு. சமையலறைத் தராசுலயே எடை போட்டுப் பார்த்துடலாம். வெயிட்டை ஏத்தினா அம்போட விறைப்பும் அதுக்கு ஈடு கொடுக்கணும். 40 பவுண்டுக்கு வாங்கின கார்பன் அம்பை 55-ல வெச்சு விட்டா, கிளம்பும்போதே உடைஞ்சு வில்லைப் பிடிச்சிருக்கிற கையில ஏறக்கூடும்.

அப்ப வெயிட்டை நாமளே மாத்தக் கூடாதா? மாத்தலாம். லிம்ப் போல்ட் இருக்கிறதே அதுக்குத்தான். ஆனா முழுசா இறுக்கின நிலையில இருந்து எத்தனை சுத்து வரைக்கும் தளர்த்தலாம்னு ஒவ்வொரு மாடலுக்கும் கையேட்டுல ஒரு எண் இருக்கும். மேல எத்தனை சுத்தோ கீழயும் அத்தனை, கொஞ்சம் கொஞ்சமா, மாத்தி மாத்தி. கையேடு இல்லாத செகண்ட் ஹேண்ட் வில்லுன்னா, முதல்ல தயாரிப்பாளரோட தளத்துல அதைத் தேடி எடுங்க, அப்புறம் ஆலன் கீ. சைட், அம்பு ரெஸ்ட், ஸ்டெபிலைசர், பிடி, நாணுக்கு மெழுகு, இதெல்லாம் வீட்டு வேலை, தாராளமா செய்யலாம். சுமை தாங்குற எதையும் தொடாத வேலை. லிம்ப்ல ஓட்டை போடறது, ராவறது, தின்னர் போட்டுத் துடைச்சு பெயின்ட் அடிக்கறது, ரைசர்ல கேமரா மாட்ட டிரில் பண்றது இதெல்லாம் கூடவே கூடாது.

நடுவுல ஒரு சின்ன வேலை இருக்கு, பலபேர் அதுல ஏமாறுறாங்க: டி-லூப். நாண்ல கட்டற அந்தச் சின்னக் கயிறு. முடிச்சு நழுவாம இருக்க கயிறு முனையை லைட்டர்ல உருக்கி மொத்தையாக்குவாங்க, அது சரியான முறைதான். ஆனா நாண் பெரும்பாலும் பாலிஎத்திலீன் இழை. சுமார் 150 டிகிரியிலயே உருகிடும். லைட்டர் ஜ்வாலை நாணை ஒரு தடவை நக்கினா போதும், சில இழைகள் போச்சு. முனையைத் தனியா உருக்கிட்டு, நாணுக்குப் பக்கத்துல தீயைக் கொண்டுபோகும்போது நடுவுல ஒரு தகடு வெச்சுக்கோங்க. முடிச்சை இறுக்காம விட்டா, இழுக்கும்போது கழண்டு உங்க கையே உங்க முகத்துல குத்தும், அம்பு எங்க போகும்னு சொல்ல முடியாது. சூடுன்னு சொன்னதும் ஞாபகம் வருது, மே மாசம் பூட்டின கார்ல வில்லை விட்டுட்டுப் போகாதீங்க. நாணும் நீளும், லிம்ப்ல இருக்கிற பசைக்கும் ஆகாது.

இன்னொரு விஷயம் சிரிப்பா இருக்கும். காம்பவுண்ட் வில்லே ஒரு வகையில வீட்டுப் பட்டறை வேலைதான். அமெரிக்காவுல மிசூரி மாநிலத்துல ஹாலஸ் வில்பர் ஆலன்னு ஒருத்தர், சாதாரண வில்லோட முனைகளை அறுத்துட்டு கப்பியை மாட்டிப் பார்த்தார். 1966-ல விண்ணப்பிச்சு 1969-ல காப்புரிமை வாங்கினார். “அவர் பண்ணலையா?”ன்னு என்கிட்ட ஒருத்தர் கேட்டார். பண்ணினார், ஆனா எந்தப் பாகம் எவ்வளவு தாங்குதுன்னு கண்டுபிடிக்கறதே அவரோட வேலையா இருந்துச்சு. நமக்கு சனிக்கிழமை சாயந்திரம் ரெண்டு மணி நேரம்தான்.

என் வில்லுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லலையே. கோச் போல்ட்டை உள்ளே ஏத்தி, பிரஸ்ல மாட்டி, நாணைக் கழட்டினார். அப்புறம் கொஞ்சம் பஞ்சை எடுத்து லிம்ப் விளிம்பு முழுக்க மெதுவா தடவிக்கிட்டே வந்தார். கீழ் லிம்ப்ல, கேமுக்கு நாலு விரல் முன்னாடி, பஞ்சு சிக்கிச்சு. கண்ணுக்குத் தெரியாத ஒரு பிளவு. முன்னாடி வெச்சிருந்தவர் எப்பவோ டிரை ஃபயர் பண்ணினதா, இல்ல நான் கேட்ட அந்த ‘க்ரக்’கா, ரெண்டு பேருக்கும் தெரியல. லிம்பை ஜோடியாத்தான் மாத்தணும், அந்த மாடலுக்கு எங்கேயும் கிடைக்கல. புது நாண் இன்னும் கவர் பிரிக்காம மேஜை டிராயர்ல கிடக்கு.

அடுத்த வாரம் அம்போட விறைப்பைப் பத்தி விரிவா பேசலாம். இப்போதைக்கு, செகண்ட் ஹேண்ட் வில் வாங்கினவங்க இன்னிக்கு ராத்திரியே கொஞ்சம் பஞ்சு எடுத்துத் தடவிப் பாருங்க. சிக்கினா இழுக்காதீங்க.