உங்களுக்குத் தெரியுமா? வெள்ளம் வடிந்தாலும் தொண்டு ஓயாது!

● 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் தத்தளித்தபோது, கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு விரைந்தார்கள். 669 படகுகளில் சென்று, குறைந்தது 65,000 பேரைக் கரைசேர்த்தார்கள். மலப்புறம் மாவட்டத்தில் ஒரு மீனவர் தண்ணீரில் குனிந்து, தன் முதுகையே படியாக்கிப் பெண்களைப் படகில் ஏற்றிவிட்டார்.

● தண்ணீர் வடிந்ததும் வரும் அடுத்த ஆபத்து எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வாழும் கிருமி, காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே உடம்புக்குள் புகுந்துவிடும்.

● அதனால், வீடு வீடாகச் சேறு அள்ளிய தொண்டர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் தடுப்பு மருந்தாகப் பரிந்துரைக்கப்பட்டது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வேறு மருந்து. மருத்துவரைக் கேட்காமல் யாரும் சாப்பிடக் கூடாது.

● நிவாரண முகாமில் யாருக்காவது வயிற்றுப்போக்கா? ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். உயிர்காக்கும் கரைசல் இது!

● வெள்ளத்தோடு மாத்திரையும் மருந்துச் சீட்டும் போய்விடும். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், வலிப்பு உள்ளவர்கள் ஒரு நாள்கூட மருந்தை விடக் கூடாது. முகாமுக்குப் போகும் தொண்டர்களே, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்கும்போது, “மாத்திரை போட்டீங்களா?” என்றும் கேளுங்கள்.