ஓர் ஆளா, இருவரா?

உங்கள் வீட்டுக் கைப்பேசியை எடுத்து, அதில் 'குமார்' என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். 'குமார்', 'எம். குமார்', 'குமார் மாமா', 'குமார் புது நம்பர்' என்று நான்கைந்து பதிவுகள் வரக்கூடும். இவற்றுக்குரிய ஆள்கள் எத்தனை பேர்? அம்மாவைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார். கணிப்பொறியைக் கேட்டால்? அது குமாரைப் பார்த்ததில்லை. அதற்குத் தெரிந்தவை எழுத்துகளும் எண்களும் மட்டுமே.

ஆயினும், மின்னஞ்சல் நிரல்கள் பலவற்றில் 'இரட்டைப் பதிவுகளை இணை' என்று ஒரு வசதி இருக்கிறது. அதை அழுத்தியவுடன் உள்ளே நடப்பது என்ன? அதன் முடிவை எந்த அளவுக்கு நம்பலாம்? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்போம்.

இரட்டைகள் தோன்றுவது எப்படி?

திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் அலுவலகத்தில் மூன்று பட்டியல்கள் உள்ளன. முதலாவது, மின்னஞ்சல் நிரலில் உள்ள முகவரிப் புத்தகம். இரண்டாவது, மேலாளரின் கைப்பேசியில் உள்ள பெயர்கள். மூன்றாவது, பணியாளர் பிரிவின் அட்டவணை. ஒவ்வொரு தொழிலாளியின் பெயர், பிறந்த நாள், ஊர், விபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டிய வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவை இதில் உள்ளன. மூன்றையும் ஒன்றாகக் கொட்டினால் 2000 பதிவுகள் சேருகின்றன என்க. ஒரே ஆள் இரண்டு மூன்று இடங்களில் வந்துவிடுவது இயல்புதானே?

ஒரே ஆளின் விவரம் எல்லா இடங்களிலும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருந்தால் தொல்லையே இல்லை. ஆனால் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவள்ளூரை ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் முதல் எழுத்தாகிய 'டி'க்குப் பின் 'எச்' சேர்ப்பார்கள், சிலர் சேர்ப்பதில்லை. கும்மிடிப்பூண்டியின் 'பூ'வுக்குச் சிலர் இரண்டு 'ஓ' இடுவார்கள். சிலர் ஒரு 'யு' போதும் என்பார்கள். 1997-க்கு முந்தைய முகவரியானால் மாவட்டமே வேறு! திருவள்ளூர் மாவட்டம் அந்த ஆண்டில்தான் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது.

தமிழில் எழுதினால் குழப்பம் தீர்ந்துவிடுமா? அதிலும் ஒரு விந்தை உண்டு. 'கோபால்' என்ற பெயரின் 'கோ'வைக் கணிப்பொறி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துடன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு முறை. ஏகாரக் குறி, கால் ஆகிய இரண்டையும் தனித்தனியாகச் சேர்ப்பது மற்றொரு முறை. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். எண்களாகப் பார்க்கும் இயந்திரத்துக்கோ அவை இரு வேறு சொற்கள்.

முதற்படி: ஒழுங்குபடுத்துதல்

ஆகவே, ஒப்பிடுவதற்கு முன் எல்லாப் பதிவுகளையும் ஒரே அச்சில் வார்க்க வேண்டும். ஒரு தொலைபேசி எண்ணின் முன்னே ஓரிடத்தில் 91 இருக்கும். மற்றோரிடத்தில் சுழி இருக்கும். இடையிடையே இடைவெளியும் இருக்கும். இந்திய எண்ணானால் இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு கடைசிப் 10 இலக்கங்களை எடுத்தால் போதும். தமிழ்க் குறியீடுகளையும் ஒரே முறைக்கு மாற்றிவிடலாம். மின்னஞ்சல் முகவரியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொதுவாகப் புறக்கணிக்கலாம். ஜிமெயில் முகவரியில், பெயர்ப் பகுதியிலுள்ள புள்ளிகளுக்குப் பொருள் இல்லை. எல்லா நிறுவனங்களும் அப்படியல்ல. வேறிடத்தில் ஒரு புள்ளி வேறுபட்டால் ஆளும் வேறுபடலாம்.

இரண்டாம்படி: ஒப்பிடுதல்

2000 பதிவுகளில் ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டுமானால் எத்தனை ஒப்பீடுகள்? 2000 × 1999 ÷ 2, அதாவது 19,99,000. பட்டியல் பத்து மடங்கு பெருகினால், வேலை ஏறத்தாழ நூறு மடங்கு பெருகும். இதைக் குறைக்க ஓர் எளிய வழி உண்டு. அஞ்சலகத்தில் கடிதங்களைப் பிரிப்பதைப் போலப் பதிவுகளை முதலில் குழுக்களாகப் பிரித்துவிட வேண்டும். அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கொண்டு, குழுவுக்கு 100 வீதம் 20 குழுக்களாகப் பிரித்ததாகக் கொள்வோம். ஒரு குழுவுக்குள் 4950 ஒப்பீடுகள், மொத்தம் 99,000. வேலை இருபதில் ஒரு பங்காகிவிட்டது! ஆனால் ஒருவரது அஞ்சல் குறியீடு தவறாக எழுதப்பட்டிருந்தால், அவருடைய இரு பதிவுகளும் சந்திக்கவே மாட்டா. அதனால் ஒரு முறை அஞ்சல் குறியீட்டாலும், மறுமுறை தொலைபேசி எண்ணாலும் பிரித்துப் பார்ப்பது வழக்கம்.

எழுத்து வேறுபட்டாலும் ஒலி ஒன்றாக உள்ள பெயர்களைக் கண்டுபிடிக்க, கணிப்பொறி தோன்றுவதற்கு முன்பே ஒரு முறை வந்துவிட்டது. 1918-இல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அது 'சவுண்டெக்ஸ்' என்று பெயர் பெற்றது. ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். உயிரெழுத்துகளையும் எச், டபிள்யூ, ஒய் ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டும். எஞ்சியவற்றில் ஒலியால் நெருங்கியவற்றுக்கு ஒரே எண்: எடுத்துக்காட்டாக, பி, வி, எஃப் ஆகியவற்றுக்கு 1, டி-க்கு 3, எல்-லுக்கு 4, எம், என் இரண்டுக்கும் 5, ஆர்-க்கு 6. ஒரே எழுத்து அடுத்தடுத்து இரட்டித்து வந்தால் ஒரு முறை எண்ணினால் போதும். மூன்று எண்கள் கிடைத்தவுடன் நிறுத்திவிட வேண்டும்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தக் கருத்து எளிதில் விளங்கும். 'பாட்டு', 'பஸ்' என்ற சொற்களின் முதல் ஒலிகள் வெவ்வேறு. நாம் எழுதுவதோ ஒரே 'ப'. நெருங்கிய ஒலிகளை ஓர் எழுத்தில் அடக்குவதை நம் நெடுங்கணக்கு என்றோ செய்துவிட்டது!

திருவள்ளூருக்கு இதைச் செய்து பார்ப்போம். முதல் எழுத்து டி. பிறகு ஆர் 6, வி 1, எல் 4. ஆக, டி-614. 'எச்' சேர்த்து எழுதினாலும் அதே விடைதான். கும்மிடிப்பூண்டிக்கு இரண்டு 'ஓ' இட்டாலும், ஒரு 'யு' இட்டாலும் ஜி-531. திருவாரூருக்கு டி-616, எனவே அது தனியே நின்றுவிடுகிறது. வெற்றிதான்! ஆனால் அவசரப்படாதீர்கள். கேரளத்தில் திருவல்லா என்று ஓர் ஊர் இருக்கிறது. அதற்கும் டி-614 தான்! மேலும், நம் சிறப்பு எழுத்தாகிய ழகரம் வந்தால் இம்முறை தடுமாறும். 'தமிழரசி'யை ஆங்கிலத்தில் 'இசட், எச்' இட்டு எழுதினால் ஒரு குறி, 'எல்' இட்டு எழுதினால் வேறொரு குறி.

இரு சொற்களுக்கு இடையே தொலைவு

மற்றொரு முறை, சொற்களுக்கிடையே உள்ள தொலைவை அளப்பது. சோவியத் கணிதவியலர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-இல் இந்த அளவையைக் கூறினார். ஓர் எழுத்தைச் சேர்க்கலாம், நீக்கலாம், அல்லது மாற்றலாம். ஒரு சொல்லை மற்றொன்றாக்க இத்தகைய செயல்கள் குறைந்தது எத்தனை தேவையோ, அதுவே அவற்றின் தொலைவு.

கும்மிடிப்பூண்டியின் இரண்டு ஆங்கில எழுத்துக்கூட்டல்களுக்கும் இடையே தொலைவு 2. ஓர் 'ஓ'வை நீக்கி, மற்றொன்றை 'யு' ஆக்கினால் போதும். இப்போது 'எச்' இல்லாமல் எழுதிய திருவள்ளூரையும் திருவாரூரையும் பாருங்கள். ஓர் 'எல்'லை நீக்கி, மற்றொரு 'எல்'லை 'ஆர்' ஆக்கினால் திருவாரூர் வந்துவிடும். தொலைவு இதற்கும் 2! முன்னது ஒரே ஊர். பின்னவையோ நேர்கோட்டில் 250 கிலோமீட்டருக்கும் மேல் விலகியுள்ள இரண்டு ஊர்கள். எழுத்தளவில் இவ்விரண்டு நிலைகளுக்கும் வேறுபாடே இல்லை. அதை அறிய வெளியிலிருந்து ஒரு சான்று வேண்டும். 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் உள்ள அஞ்சல் குறியீடு அத்தகைய சான்று. திருவள்ளூருக்கு 602001, திருவாரூருக்கு 610001, திருவல்லாவுக்கு 689101. இங்கே ஐயத்துக்கு இடமில்லை.

இன்னொரு பொறியும் உண்டு. 'தொலைவு 2-க்குள் இருந்தால் இரண்டும் ஒன்றே' என்று விதி வைத்தோமானால், திருவாரூரும் திருவள்ளூரும் ஒன்றாகும். திருவள்ளூரும் திருவல்லாவும் ஒன்றாகும். ஆகவே மூன்றும் ஒன்று என்று நிரல் சங்கிலி கோத்துவிடும். ஆனால் திருவாரூருக்கும் திருவல்லாவுக்கும் தொலைவு 3! வெப்ப இயக்கவியலின் சுழி விதியை நினைவுகூருங்கள். ஒரு பொருள் மற்ற இரண்டுடன் வெப்பச் சமநிலையில் இருந்தால், அவ்விரண்டும் தமக்குள் சமநிலையில் இருக்கும். சமமாக இருப்பது கைமாறிச் செல்லும். நெருக்கமாக இருப்பது அப்படிச் செல்லாது.

நூறு குமார்கள்

பெயரும் பிறந்த நாளும் ஒத்திருந்தால் ஒரே ஆள்தானே என்று தோன்றலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். நம் 2000 பதிவுகளில், வெவ்வேறு ஆள்களான 100 குமார்கள் இருப்பதாகக் கொள்வோம். அவர்களுக்குள் 4950 ஜோடிகள். ஒரு ஜோடியின் பிறந்த நாளும் மாதமும் தற்செயலாக ஒன்றாக அமைய வாய்ப்பு 365-இல் 1. 4950-ஐ 365-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 13 அல்லது 14 ஜோடிகள்! ஒருவரோடொருவர் எந்தத் தொடர்பும் இல்லாத இவர்களை நிரல் இணைத்துவிடும். அரிதான ஒரு பெயர் ஒத்துப்போனால் அது வலுவான சான்று. 'குமார்' ஒத்துப்போவது மெலிந்த சான்று.

1959-இல் கனடாவில் ஹோவர்ட் நியூகோம்பும் அவருடைய குழுவினரும் கணிப்பொறியைக் கொண்டு திருமணப் பதிவுகளையும் பிறப்புப் பதிவுகளையும் இணைத்தபோது, இந்தக் கருத்தையே பயன்படுத்தினர். 1969-இல் ஐவன் ஃபெலகி, ஆலன் சன்டர் ஆகிய இருவரும் இதற்குக் கணித வடிவம் தந்தனர். அவர்கள் விடைகளை மூன்றாகப் பிரித்தார்கள்: 'ஒன்றே', 'வேறு', 'ஐயம்'. ஐயத்துக்குரியவற்றை மனிதர் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

தனித்த எண் ஒன்று கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா என்று கேட்பீர்கள். பெருமளவுக்குத் தீரும், ஆனால் எண் வழங்கும் முறையும் செம்மையாக இருக்க வேண்டும். வெவ்வேறு மாநிலங்களைச் சேர்ந்த சில வாக்காளர்களுக்கு ஒரே அடையாள அட்டை எண் வழங்கப்பட்டிருந்ததை 2025 மார்ச்சில் இந்தியத் தேர்தல் ஆணையம் விளக்கியது. முன்பு மாநிலங்கள் தனித்தனியே எண் வழங்கியதே அதற்குக் காரணம். எண் ஒன்றாக இருந்தாலும் அவர்களுடைய பிற விவரங்களும் தொகுதியும் வாக்குச்சாவடியும் வேறு என்று ஆணையம் கூறியது. எண்ணை மட்டும் பார்த்து ஒருவரை நீக்கியிருந்தால், ஓர் உண்மையான வாக்காளர் வாக்கை இழந்திருப்பார்.

எந்தத் தவறு பெரிது?

இரட்டைப் பதிவை விட்டுவைத்தால் ஒருவருக்கு ஒரே கடிதம் இரு முறை போகும். அது சிறு தொல்லை. இருவரை ஒருவராக்கிவிட்டால்? நம் தொழிற்சாலைக்குத் திரும்புவோம். கும்மிடிப்பூண்டிப் பகுதிக்கு வெளிமாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். ஒரே பெயருடைய இருவர் ஒரே விடுதியில் தங்கியிருக்கலாம்; ஒரே ஒப்பந்தக்காரரின் தொலைபேசி எண் இருவருக்கும் எழுதப்பட்டிருக்கலாம். நிரல் இருவரையும் இணைத்து, ஒருவருடைய வீட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொள்கிறது. மறுநாள் ஒருவர் கையில் அடிபட்டால், எந்த ஊரில் எந்தத் தாய்க்குச் செய்தி போகும்? அடிபடாதவருடைய வீட்டில் அழுகுரல் கேட்கும். அடிபட்டவருடைய வீட்டுக்குத் தகவலே போகாது. பிரிந்திருப்பவற்றை நாளைக்கும் இணைக்கலாம். இணைத்தவற்றைப் பிரிக்க, பழைய பட்டியல் கையில் இருந்தால்தான் முடியும்.

ஆகவே, பட்டியலைச் சீர்செய்யுமுன் அதன் முழுப் படியை எடுத்து வேறிடத்தில் வையுங்கள். ஒழுங்குபடுத்திய பின், எல்லா விவரங்களும் ஒத்திருப்பவற்றை மட்டும் நிரல் தானாக இணைக்கட்டும். இணைக்கும்போது எந்தத் தொலைபேசி எண்ணையும் அழிக்காமல் எல்லாவற்றையும் ஒரே பதிவில் வைத்திருக்கச் செய்யுங்கள். ஒரு பதிவில் முதலெழுத்து இல்லை என்பதால் அதை வேறு ஆள் என்றும் எண்ண வேண்டா; அதே ஆள் என்றும் எண்ண வேண்டா. ஐயமுள்ளவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிடுங்கள்.

இனி உங்களுக்கு ஒரு பயிற்சி. உங்கள் வகுப்பில் 40 பேர் இருந்தால் எத்தனை ஜோடிகள்? 780. அதை 365-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2. பிறந்த நாளும் மாதமும் ஒன்றாக உள்ள ஜோடிகள் உங்கள் வகுப்பில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பிறகு அடுத்த வகுப்பிலும் எண்ணி, இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள்.