திருவாசகமும் திறனாய்வும்

எங்கள் ஊர் கீரமங்கலம். நக்கீரரை ஒட்டி எழுந்த பெயர் இது என்று ஊரார் வழிவழியாகக் கூறுவர். மெய்நின்றநாதர் திருக்கோயிலில் 81 அடி உயரச் சிவபெருமான் திருவுருவம் நிற்கின்றது. நக்கீரருக்கும் அங்கே சிலை உண்டு. பாட்டு இறைவனுடையதே ஆயினும், குற்றம் கண்டவிடத்து அதனைக் கூறத் தயங்காதவர் அவர். அத்தகைய ஊரில் பிறந்த நான், ஓர் இசைப்பேழையை முழுதும் கேளாமலே பழித்துரைத்தேன். அதனை முதலில் ஒப்புக்கொண்டு, பின்னர்ப் பொருளுக்குள் புகுகின்றேன்.

1976ஆம் ஆண்டு 'அன்னக்கிளி' படத்தின் வாயிலாகத் திரையுலகில் புகுந்தவர் இளையராஜா. வயற்காட்டிலும் தேநீர்க் கடையிலும் அவர் பாட்டு ஒலிக்காத நாளில்லை. அவரே 2005ஆம் ஆண்டில், திரைப்படம் எதற்காகவும் அன்றித் திருவாசகத்தின் சில பகுதிகளுக்கு இசையமைத்து வெளியிட்டார். புடாபெசுட்டு நகரத்துச் சிம்பொனி இசைக்குழுவினர் வாசித்தனர். இளையராஜாவே முன்னின்று பாடினார். யாத்திரைப் பத்து, அச்சப்பத்து, பிடித்த பத்து முதலியவற்றிலிருந்து எடுத்த ஆறு பாடல்கள் அதில் உள்ளன. ஊரை மகிழ்விக்கும் கலைஞர் தம் உள்ளத்தோடு பேச முற்பட்ட முயற்சி அது.

அதனைப் பலர் போற்றினர். சிலர் குறை கூறினர். குறைகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, பெயர் பற்றியது. சிம்பொனி என்பது பெரும்பாலும் வாத்தியங்களுக்கே உரிய, பல பகுதிகளைக் கொண்ட நெடிய இசை வடிவம். சமயப் பாடலைத் தனிக்குரலும் குழுக்குரலும் வாத்தியக் குழுவும் சேர்ந்து இசைப்பது 'ஆரட்டோரியோ' எனப்படும். ஆதலின் சிம்பொனி என்ற பெயர் பொருந்தாது என்றனர். இது நேரிய குற்றச்சாட்டே. ஆனால் பெயர்ப்பலகையில் உள்ள பிழை, வீட்டின் பிழை ஆகிவிடாது.

இரண்டாவது, மரபு பற்றியது. ஓதுவார்கள் திருவாசகத்தை மோகன இராகத்தில் உருகி ஓதுவது வழக்கம். அதற்கு மேனாட்டு வயலின்களும் எக்காளங்களும் எதற்கு என்று கேட்டனர். இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. ஆண்டல் என்னும் இசைமேதையின் 'மெசையா' 1743இல் இலண்டன் நாடக அரங்கில் பாடப்பட்டபோது, வேத வாக்கியத்தைக் கூத்து மேடையில் பாடலாமா என்று அங்கும் எதிர்ப்பு எழுந்தது. இன்றோ அது கிறித்துமசு காலத்தில் உலகெங்கும் பாடப்படுகின்றது. மரபைக் காப்பவர் ஓதுவார். அவர் இடத்தை எவரும் பறித்துவிடவில்லை. பக்கத்தில் மற்றொரு வாயில் திறந்தது, அவ்வளவே.

மூன்றாவது, மொழி பற்றியது. சிவபுராண அடிகளுக்கிடையே அமெரிக்கப் பாடலாசிரியர் சுடீபன் சுவார்ட்சு எழுதிய ஆங்கில வரிகள் வருகின்றன. என் மனம் சுளித்தது இங்கேதான். சிறுவயதில் தந்தையார் அருகிருந்து ஓதிய வாசகத்தில் அயல்மொழி புகுவதா என்று வெகுண்டு, பெட்டியை நிறுத்திவிட்டேன். மறுநாள் வகுப்பிலும் அதனைப் பழித்தேன்.

அப்பொழுது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, முழுவதும் கேட்டீர்களா?" என்றான். நான் விடை கூறவில்லை. பல ஆண்டுகளாக விடைத்தாள் திருத்தியவன் நான். ஒரு பக்கம் மட்டும் படித்து மதிப்பெண் இட்டதுண்டா? அன்றிரவு ஆறு பாடல்களையும் கேட்டேன். ஆங்கில வரிகள் எனக்கு இன்றும் உவப்பாகவில்லை. ஆயினும் அச்சப்பத்தில் எழும் துணிவும், யாத்திரைப் பத்தில் அடியார் கூட்டம் புறப்படும் நடையும் என்னை அசைத்தன. மறுநாள் வகுப்பில் அதனைச் சொன்னேன். அம்மாணவன் அச்சப்பத்தின் பொருளைக் கேட்டான். அதுவரை நான் மனப்பாடப் பகுதியாகவே நடத்திய திருவாசகத்திற்கு, அன்றுதான் ஒரு பிள்ளை தானாகப் பொருள் கேட்டான்.

எங்கள் ஊருக்குத் தெற்கே, அறந்தாங்கிக்கு அப்பால், ஆவுடையார்கோயில் உள்ளது. மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்ட திருப்பெருந்துறை அதுவே. அங்கே கருவறையில் இலிங்கத் திருமேனி இல்லை. ஆவுடை மட்டுமே உண்டு. உருவமில்லாத பொருளை அவரவர் உள்ளத்தால் நிறைத்துக்கொள்ள வேண்டும். அத்தகைய பொருளைப் பாட ஒரே இசைதான் உண்டு என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே திறனாய்வாளர்க்கு நான் சொல்ல விரும்புவது இதுவே: படைத்தவன் எதனைச் செய்ய முயன்றான் என்று முதலில் காண்க, அதனைச் செய்தானா என்று அடுத்துக் காண்க, அதன்பின் குற்றம் கூறுக. நக்கீரர் இறைவன் பாட்டிலும் குற்றம் கண்டவர்தாம். ஆனால் அவர் பாட்டை முழுதும் கேட்ட பின்னரே வாய் திறந்தார்.