எபிரேயச் செய்யுளும் நம் ஒப்பாரியும்

விவிலியச் சங்கீதங்களைத் தமிழிற் படிக்கும் தமிழாசிரியர் சிலர், "இவற்றைப் பாடல் என்கிறார்களே, எதுகை எங்கே, சீர் எங்கே?" என்று வினவுவதுண்டு. வினா நியாயமானதே. ஈப்போவிலுள்ள தமிழ்த் திருச்சபைகளில் படிக்கப்பெறும் மொழிபெயர்ப்பில் அவை உரைநடையாகவே நிற்கின்றன. ஆயினும் எபிரேய மூலத்தில் அவை செய்யுள்களே. அச்செய்யுளின் கட்டு ஓசையினும் பொருளிலேயே மிகுதியும் அமைந்துள்ளது.

இதனை விரித்துரைத்தவர் ஆக்சுபோர்டுப் பேராசிரியர் இராபர்ட்டு லௌத். அவருடைய இலத்தீன் விரிவுரைகள் 1753இல் நூலாயின. எபிரேய அடி இரு பாதியாக இயலும். முற்பாதி கூறியதைப் பிற்பாதி வேறு சொல்லால் மீளக் கூறும். அன்றி மறுத்துக் கூறும். அன்றி மேலும் வளர்க்கும். 19ஆம் சங்கீதத் தொடக்கத்தில் வானங்களுக்கு இணையாக ஆகாயவிரிவு வருதலை நோக்குக. நீதிமொழிகள் 10ஆம் அதிகாரத்தில் நீதிமானும் துன்மார்க்கனும் எதிரெதிர் நிற்பது நம் முரண்தொடையை ஒத்தது. பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களில், இழவு வீட்டில் பெண்கள் சொல் மாற்றிப் பொருள் மாறாமல் அடுக்கிய ஒப்பாரியைக் கேட்டவர்க்கு இம்முறை புதிதன்று. பொருளிற் கட்டிய செய்யுளாதலால், மொழி மாறினும் இவ்வமைப்பு பெரிதும் பிழைத்துக்கொள்கிறது.

பிழைக்காதது ஒன்றுண்டு. 119ஆம் சங்கீதம் 22 பகுதிகளை உடையது. பகுதிக்கு 8 வசனம், ஆக 176. ஒவ்வொரு பகுதியிலும் எட்டு வசனங்களும் ஒரே எழுத்தில் தொடங்க, 22 எபிரேய எழுத்துகளும் முறையே வருகின்றன. தமிழில் அதன் எச்சமாக ஆலெப், பேத் என்னும் தலைப்புகளே உள்ளன. காரணம் அறியாதார் அவற்றைத் தாண்டிச் செல்கின்றனர். ஆத்திசூடியை ஆங்கிலத்தில் பெயர்த்தால் அகர வரிசை என்னாகும் என்று எண்ணிப் பார்த்தால் இழப்பின் அளவு விளங்கும்.

எருசலேமின் அழிவை அரற்றும் புலம்பல் நூலிலும் இவ்வரிசையே. அதன் 1, 2, 4ஆம் அதிகாரங்களுக்கு 22 வசனங்கள். மூன்றாவதற்கு, எழுத்துக்கு மூன்றாக 66. முற்பாதி நீண்டு பிற்பாதி குறுகும் இரங்கலோசையையும் இந்நூலில் காட்டினார் செருமானிய அறிஞர் கார்ல் புட்டே (1882). ஐந்தாம் அதிகாரத்திலோ வசனம் 22 இருந்தும் எழுத்துவரிசை இல்லை. அவ்வோசையும் பெரும்பாலும் இல்லை. துயர் மிகுதியால் வரிசை குலைந்தது என்பார் உளர். முன் நான்கிலும் துயர் குறைவன்றே! ஐந்தாவது, எஞ்சியோர் கடவுளை நோக்கிச் செய்யும் விண்ணப்பம்; ஒப்பாரியின் யாப்பு அங்கே நின்றுவிடுகிறது என்று கொள்வதே பொருந்தும்.