தாய்க்கு ஒரு கட்டில், பிள்ளைக்கு ஒரு தொட்டில்

இலங்கையில் சிறைப்பட்ட தாய் தன் பிள்ளையை ஐந்து வயது வரை கூடவே வைத்திருக்கலாம். வெலிக்கடைச் சிறையின் பெண்கள் பிரிவில் கைக்குழந்தைகள் தவழ்வது அதனால்தான். போதைப்பொருளோடு பிடிபட்டவளுக்கும் அந்த இடம் உண்டு. பிடிபடுமுன் தானாகவே சிகிச்சைக்குப் போக நினைப்பவள்தான், "பிள்ளையை ஆர் பாக்கிறது?" என்ற கேள்வியில் வாசலிலேயே நின்றுவிடுகிறாள்.

தங்கிச் சிகிச்சை பெறுவது இங்கே புதிதல்ல. 1984இல் அமைந்த தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்குத் தலங்கமவிலும் வேறு ஊர்களிலும் நிலையங்கள் உண்டு. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி நீதவானும் ஒருவரைக் கட்டாய சிகிச்சைக்கு அனுப்பலாம். ஆனால் புனர்வாழ்வு என்றதும் சனங்களுக்கு நினைவில் வருவது கந்தக்காடு. அது ஆண்களின் முகாம். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி வருவாள் என்ற கணக்கே அதில் இல்லை.

அந்தக் கணக்கு ஏன் வேண்டும்?

ஹெரோயினுக்கு அடிமையான கர்ப்பிணியை "தூளை இண்டைக்கே விடு" என்று வீட்டார் அதட்டுவார்கள். நல்லெண்ணம்தான், ஆபத்தும் அதுதான். திடீரென்று நிறுத்தினால் கருச்சிதைவோ குறைமாதப் பிரசவமோ நேரலாம், மீண்டும் தூளைத் தேடிப் போகவும் கூடும். ஆகவே மெதடோன் அல்லது புப்ரெனோர்பின் கொடுத்து, பிரசவம் வரை நிலையாக வைத்திருக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2014இல் வழிகாட்டியது. 'ஐஸ்' எனப்படும் மெத்தம்பெட்டமைன் வேறு கதை. அதற்கு மாற்று மருந்து கிடையாது. சாப்பாடு, நித்திரை, ஆலோசனை, கூட ஒரு ஆள், இவைதான் வைத்தியம்.

பிறந்த பிள்ளையையும் கவனிக்கவேண்டும். தாயின் ஹெரோயின் பழக்கம் சிசுவையும் பிடித்திருந்தால், ஓரிரு நாளில் கீச்சுக் குரலில் அழத் தொடங்கும். கை நடுங்கும், அடுத்தடுத்துத் தும்மும், முலையைப் பிடித்தும் சரியாக உறிஞ்சாது. இதையெல்லாம் புள்ளியிட்டு அளக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் லொரெட்டா ஃபின்னெகன் 1975இல் வெளியிட்டார். முதல் மருந்து மங்கலான வெளிச்சமும் தாயின் மடியும். பிள்ளையைப் பிரித்துவிட்டால் அந்த மருந்தும் போய்விடும். சிட்னியின் ஒடிசி ஹவுஸ் பெற்றோரைப் பிள்ளைகளோடு சேர்த்தே தங்கவைப்பதன் நியாயம் இதுதான்.

ஆனால் இப்படி உதவி தேவைப்படுபவளை முதலில் கண்டறியவேண்டும். கொழும்பின் கொட்டாஞ்சேனைத் தோட்டக் குடியிருப்பில் ஒருத்தியின் பழக்கம் அயலுக்கே தெரிந்துவிடும். வெள்ளவத்தை மாடிவீட்டில் மாமியாருக்குக்கூடத் தெரியாமல் போகலாம். இரண்டு இடத்துக்கும் பொதுவானது கர்ப்பிணி கிளினிக். நிறை பார்த்து, திரிபோஷா சத்துமா கொடுக்கும் அந்த மேசையில் பழக்கத்தைப் பற்றி மிரட்டாமல் ஒரு கேள்வி கேட்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். ஹெரோயின் பாவிக்கும் கர்ப்பிணியானால், வைத்தியரிடம் சொல்லாமல் தானாக நிறுத்தக் கூடாது.