கழுவக் கூடாத அழுக்கு

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு வீட்டுக் கூடத்தில் மீன்தொட்டி இருந்தால் அது அனேகமாக இந்த அளவில்தான் இருக்கும். விளிம்புவரை நிரப்பினால் 56 லிட்டர். மணலும் கூழாங்கல்லும் போக ஐம்பது லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அதில் நாளுக்கு ஒரு கிராம் தீனி போடுகிறோம். மீன்கள் தின்கின்றன, செரிக்கின்றன. தீனியின் புரதத்தில் இருந்த நைட்ரஜனில் ஏறத்தாழ பாதி, 30 மில்லிகிராம் அளவுக்கு, அமோனியாவாகத் தண்ணீரில் கலக்கிறது. அதில் பெரும்பங்கு வெளியேறுவது செவுள் வழியாக. மீனுக்கு மூச்சுவிடும் உறுப்பே கழிவை வெளியேற்றும் உறுப்பும்கூட.

நம் உடலிலும் அமோனியா உண்டாகிறது. அது நஞ்சு என்பதால் கல்லீரல் அதை யூரியாவாக மாற்றுகிறது. அந்த வேலைக்கு ஆற்றல் செலவாகும். மீனுக்கு அந்தச் செலவு மிச்சம். சுற்றிலும் தண்ணீர் இருக்கிறது, கரைத்துவிட்டால் போதும். சுறாவும் திருக்கையும் விதிவிலக்கு. அவை யூரியாவை உடலிலேயே தேக்கி வைத்திருப்பவை. காசிமேட்டில் வாங்கிய சுறாவை ஐஸ் இல்லாமல் வைத்திருந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி எழுமே, பாக்டீரியாக்கள் அந்த யூரியாவை உடைப்பதால் வரும் அமோனியாதான் அது.

அமோனியாவை வடசென்னைக்காரர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஐஸ் தொழிற்சாலைகளில் குளிரூட்டியாக ஓடுவது அது. மணலியிலும் எண்ணூரிலும் உரம் ஆவது அது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், கப்பலிலிருந்து எண்ணூர் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, பெரியகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் வீட்டைவிட்டு ஓடினார்கள். பலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. தங்கமீனின் செவுளிலிருந்து வருவதும் அதே மூலக்கூறு. அளவுதான் வேறு.

அந்தச் சிறிய அளவும் மீனுக்குப் போதும். தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது: மீனுக்கு அதிகத் தொல்லை தராத அமோனியம் அயனி ஒன்று, செவுளுக்குள் எளிதாகப் புகுந்துவிடும் அமோனியா வாயு மற்றொன்று. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். அளவும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. நம் ஊரின் 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பி.எச். 8 ஆனால் நூற்றில் ஏழெட்டு பங்கு. தண்ணீர் பார்க்க அப்படியேதான் இருக்கும். நஞ்சு பத்து மடங்கு ஏறியிருக்கும். கடலோர போர் தண்ணீரை ஊற்றுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது பெரும்பாலும் காரப் பக்கம் சாய்ந்திருக்கும்.

ஃபில்டர் பஞ்சின் துளைகளால் இந்த மூலக்கூறைப் பிடித்து நிறுத்தவே முடியாது. அப்படியானால் எது பிடிக்கிறது?

விடை 1877இல் பாரிஸில் கிடைத்தது. ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரை மெதுவாக இறங்கவிட்டார்கள். இருபது நாள் எதுவும் நடக்கவில்லை. மேலே ஊற்றிய அமோனியா அப்படியே கீழே வந்தது. பிறகு, யாரும் எதையும் மாற்றாமலே, அமோனியா குறைந்து நைட்ரேட் வரத் தொடங்கியது. இது வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டுமே? உயிருள்ள எதையும் செயலிழக்கச் செய்யும் குளோரோஃபார்ம் ஆவியைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்தார்கள். மாற்றம் நின்றது. ஆவியை வெளியேற்றிவிட்டு, கொஞ்சம் மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள். சில நாளில் மாற்றம் மீண்டும் தொடங்கியது. வேலை செய்தது மணல் அல்ல, மணலில் குடியேறிய ஏதோ உயிர். 1890 வாக்கில் சூரிச்சில் வினோகிராட்ஸ்கி அந்த உயிர்களைப் பிரித்தெடுத்தார். ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக்குகிறது. இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. நடுவில் வரும் நைட்ரைட்டும் நஞ்சுதான். மீனின் ரத்தத்தைப் பழுப்பாக்கி ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். நைட்ரேட் ஓரளவுவரை தீங்கில்லாதது. இந்த இரண்டு படிகளும் சேர்ந்ததற்கு நைட்ரஜனேற்றம் என்று பெயர்.

இந்த நுண்ணுயிர்கள் வெளிச்சத்தையோ மற்ற உயிர்களின் மிச்சத்தையோ நம்பி வாழ்பவை அல்ல. அமோனியாவை ஆக்சிஜனோடு சேர்க்கும்போது கிடைக்கும் அற்ப ஆற்றலைக்கொண்டு, தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து தம் உடலைக் கட்டிக்கொள்கின்றன. வருமானம் குறைவு என்பதால் வளர்ச்சியும் மெதுவு. நம் குடலில் வாழும் ஈ.கோலை, சாதகமான சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். இவை இரட்டிக்க எட்டு மணி நேரம் முதல் ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். புதிதாக வைத்த தொட்டி முழுத் திறனுக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் பிடிப்பது இதனால்தான். “கண்ணாடி மாதிரி தண்ணி, ஒரே வாரத்துல எல்லா மீனும் போச்சு” என்று வருந்துபவர்களின் தொட்டியில் குறைந்தது சுத்தம் அல்ல, இந்தக் குடிகள்.

அவை வசிப்பது பஞ்சின் சுவர்களில். தாமே சுரக்கும் பிசுபிசுப்பான கூழில் தம்மைப் பதித்துக்கொண்டு ஒட்டி வாழ்கின்றன. இதை உயிர்ப்படலம் என்கிறார்கள். பஞ்சைத் தொட்டால் விரலில் வழுக்குமே, அந்தப் பழுப்புப் பசை. தண்ணீரில் மிதப்பவை மிகச் சொற்பம். அதனால் வாரம் கால்பங்கு தண்ணீரை மாற்றினால் அவற்றுக்கு இழப்பில்லை. சேர்ந்துகொண்டே போகும் நைட்ரேட்தான் வெளியேறும். ஆனால் பஞ்சைக் குழாயடியில் பிடித்து வெள்ளையாகும்வரை கசக்கினால்? குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. காட்டுப்பள்ளி கடல்நீர் ஆலையிலிருந்து வந்தாலும் புழல் ஏரியிலிருந்து வந்தாலும், நீண்ட குழாய்களில் கிருமி வளராமல் இருக்கச் சேர்ப்பது அது. நோய்க்கிருமி, உதவும் கிருமி என்று அதற்குப் பேதம் தெரியாது. ஒரு மாத உழைப்பு ஐந்து நிமிடத்தில் போய்விடும். சோப்பு போட்டால் கேட்கவே வேண்டாம்.

சரியான முறை எளிது. தண்ணீர் மாற்றும் நாளில், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். பஞ்சை அதில் முக்கி இரண்டு மூன்று முறை பிழியுங்கள். கசடு போய், தண்ணீர் தடையில்லாமல் ஓடினால் போதும். பஞ்சு பழுப்பாகவே இருக்கட்டும். இரண்டு பஞ்சு இருந்தால் ஒரு வாரம் ஒன்று, அடுத்த முறை மற்றொன்று. பஞ்சு பிய்ந்து மாற்ற வேண்டி வந்தால், புதியதைப் பழையதோடு ஒரு மாதம் சேர்ந்து ஓடவிட்ட பிறகுதான் பழையதை எடுக்க வேண்டும். தொட்டியில் ஊற்றும் புதுத் தண்ணீருக்கு மீன்கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கிறார்களே, அதில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட். ஃபிலிம் காலத்து போட்டோ ஸ்டுடியோக்களில் ஹைப்போ என்று புழங்கிய அதே உப்பு. ஊற்றியவுடன் குளோரினை முறித்துவிடும்.

அழுக்கை வைத்துக்கொள்வது என்ற இந்த எண்ணம் எவ்வளவு பெரியது என்பதை மான்செஸ்டர் காட்டியது. ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் சாக்கடை நீரைப் பாட்டில்களில் நிரப்பிக் காற்றூதினார்கள். அமோனியா முழுவதும் மாற ஐந்து வாரம் ஆனது. அதுவரை எல்லோரும் அடியில் தங்கிய சேற்றைக் கொட்டிவிட்டு அடுத்த சோதனைக்குப் போவார்கள். இவர்கள் சேற்றை அப்படியே வைத்துக்கொண்டு, மேல்நீரை மட்டும் வடித்துப் புதுச் சாக்கடை நீரை ஊற்றினார்கள். திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய நேரம் சுருங்கி, கடைசியில் ஒரு நாளுக்குள் வேலை முடிந்தது. 1914இல் அதை வெளியிட்டார்கள். முனைப்பூட்டிய சேறு என்ற இந்த முறையில்தான் கொடுங்கையூரின் கழிவுநீர் நிலையமும் இயங்குகிறது. அங்கே சுத்தமான நீரை மேலும் நுண்சவ்வுகளில் செலுத்தி, நாளுக்கு 4.5 கோடி லிட்டர் அளவுக்கு மணலித் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் ஆலையும் இருக்கிறது. கூடத்துத் தொட்டியின் பஞ்சும் கொடுங்கையூரின் தொட்டிகளும் ஒரே வேலையை ஒரே வகை உயிர்களைக்கொண்டு செய்கின்றன என்பது எனக்கு எப்போதும் மலைப்பைத் தரும்.

இந்த உயிர்களுக்கு ஆக்சிஜன் பசி அதிகம். ஒரு கிராம் தீனி தரும் 30 மில்லிகிராம் நைட்ரஜனை மாற்ற ஏறத்தாழ 140 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். 30 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். ஆக, ஒரு கிள்ளுத் தீனிக்காக ஏறக்குறைய ஒரு கேன் தண்ணீரின் மொத்த ஆக்சிஜனும் காலியாகிறது, மீன்கள் மூச்சுவிடுவது தனி. இதை ஈடுகட்டும் கருவிகளில் எனக்குப் பிடித்தது விலை குறைந்த ஸ்பான்ஜ் ஃபில்டர். தண்ணீருக்குள் அதற்கு அசையும் பாகமே கிடையாது. ஏர் பம்ப் ஊதும் குமிழிகள் நடுக்குழாயில் கலக்கும்போது அங்கிருக்கும் நீர் லேசாகி மேலே எழுகிறது. அந்த இடத்தை நிரப்பப் பஞ்சின் வழியே புதுநீர் நுழைகிறது. மேலே போய் வெடிக்கும் குமிழிகள் நீர்ப்பரப்பைக் கலக்கி ஆக்சிஜன் கரைய வழி செய்கின்றன.

மின்சாரம் போனால் கதை மாறும். மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல தெருக்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படி நிற்கும்போது, மூடிய டப்பா வகை ஃபில்டருக்குள் இருக்கும் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பிறகு அங்கே அழுகல் தொடங்கும். கரண்ட் வந்தவுடன் அந்தக் கருநீர் நேராகத் தொட்டிக்குள் பாயும். நெடுநேரம் நின்ற ஃபில்டரைத் திறந்து, தொட்டி நீரில் அலசிய பிறகே ஓடவிட வேண்டும். பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

பவர் ஃபில்டரின் மோட்டார் தனி அழகு. பெரும்பாலான சின்ன ஃபில்டர்களில் கம்பிச்சுருள் பிசினுக்குள் முழுதாக அடைக்கப்பட்டிருக்கும். தண்ணீர் அதைத் தொடாது. இந்தப் பக்கம், தண்ணீருக்குள், ஒரு உருளைக் காந்தமும் அதில் பொருத்திய இதழ்களும் மட்டும். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று அலைவதால் காந்தமும் விநாடிக்கு 50 முறை சுழல்கிறது, நிமிடத்துக்கு 3000. எந்தப் பக்கம் சுழல ஆரம்பிக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் பல ஃபில்டர்களில் இதழ்கள் வளைவில்லாமல் நேராக இருக்கின்றன, எப்படிச் சுழன்றாலும் நீரைத் தள்ள. மசகும் அந்தத் தண்ணீரேதான். உப்பு அதிகமான நம் நீரில் அச்சைச் சுற்றி வெள்ளைப் படிவு ஏறி, கரகரவென்று சத்தம் வரும். காந்தத்தை உருவி எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தேய்த்தால் போகும். இந்தப் பாகத்தை மட்டும் பளிச்சென்று கழுவலாம்.

சில ஃபில்டர்களில் கரித்துண்டுகள் இருக்கும். அது நுண்துளை நிறைந்த கிளர்வூட்டிய கரி; தேங்காய்ச் சிரட்டையிலிருந்து தமிழ்நாட்டில் நிறையத் தயாராகிறது. ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீட்டர்வரை, அதாவது நாலு கிரவுண்டுக்கும் மேல். நிறத்தையும் வாடையையும் மருந்தையும் உறிஞ்சும், அமோனியாவை அல்ல. மீனுக்கு மருந்து போடும் நாள்களில் எடுத்து வைத்துவிட வேண்டும்.

பலர் அறியாத சிக்கல் ஒன்று உண்டு. நைட்ரஜனேற்றம் தண்ணீரில் அமிலத்தை உண்டாக்குகிறது. ஒரு கிராம் தீனிக்கு, 200 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் கார்பனேட் கரைந்திருந்தால்தான் அது ஈடாகும். உப்பு நீக்கிய கேன் தண்ணீரை மட்டுமே ஊற்றும் தொட்டியில் அந்தச் சரக்கு விரைவில் தீர்ந்து, பி.எச். 6-க்குக் கீழே சரிந்து, நுண்ணுயிர்கள் ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிடும். ஒரு கைப்பிடி கிளிஞ்சலை நன்றாகக் கழுவி வலைப்பையில் கட்டி ஃபில்டரில் போட்டால், அமிலம் ஏற ஏற அது கரைந்து ஈடுகொடுக்கும். பாரிஸ் குழாயில் மணலோடு சுண்ணாம்புக் கல் இருந்ததன் பயன் அதுதான்.

இவ்வளவு தெரிந்த பின்னும் மீன்தொட்டிகள் அறிவியலை வியக்கவைத்துக்கொண்டே இருக்கின்றன. அமோனியாவை உண்பவை பாக்டீரியாக்கள் மட்டுமே என்று நூறாண்டுக்கு மேல் நம்பினார்கள். 2005இல், பாக்டீரியாவிலிருந்து முற்றிலும் வேறான ஆர்க்கியா என்ற உயிர்ப்பிரிவைச் சேர்ந்த ஒன்று அதே வேலையைச் செய்வதைக் கண்டார்கள். அது கிடைத்த இடம் சியாட்டில் நகரக் காட்சியகத்தின் மீன்தொட்டிச் சரளைக்கல். 2011இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தினர் 27 நன்னீர்த் தொட்டிகளின் ஃபில்டர்களைச் சோதித்தார்கள். 23இல் ஆர்க்கியாவின் கையே ஓங்கியிருந்தது. இரண்டு படிகளுக்கும் இரண்டு கூட்டம் வேண்டும் என்ற வினோகிராட்ஸ்கியின் முடிவு 2015வரை நின்றது. அந்த ஆண்டு, இரண்டையும் தனியாகவே முடிக்கும் பாக்டீரியாவை இரண்டு ஆய்வுக்குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. அவற்றுள் நெதர்லாந்தின் நைமேகன் குழு அதைக் கண்டெடுத்தது ஒரு மீன்வளர்ப்பு அமைப்பின் ஃபில்டரில்.

புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் இந்த உயிர்களுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. கொளத்தூரில் மீன் வாங்கும்போது, நோயில்லாமல் நெடுநாள் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் பழைய பஞ்சு ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். அதே தொட்டித் தண்ணீரில் முங்கியபடி, பைக்குள் பாதிக்கு மேல் காற்று இருக்கும்படி கட்டி, வெயில் படாமல் அன்றைக்கே கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் செருகிவிடுங்கள். முதல் இரண்டு வாரம் மீன்கள் குறைவாகவும் தீனி அதைவிடக் குறைவாகவும் இருக்கட்டும்.