ஒளிய இடமில்லாத மரபணு

அளிந்த வாழைப்பழத்தை எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, எள்ளளவு ஈ, அதற்குக் கண் சிவப்பு. 1910-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் புட்டிகளில் வளர்த்த ஈக்களுக்கு நடுவே வெள்ளைக் கண்ணோடு ஓர் ஆண் ஈ தென்பட்டது. சிவப்புக் கண் பெண்களோடு அதைச் சேர்த்தார். பிறந்த 1,240-இல் 1,237-க்குச் சிவப்புக் கண். (மீதி மூன்றைக் கண்டுகொள்ளாமல் விட்டதாக அவரே எழுதிவைத்தார். நேர்மையான மனிதர்!) பேரப்பிள்ளைகளில்தான் வெள்ளைக் கண் மறுபடி தலைகாட்டியது. மொத்தம் 782 ஈக்கள். ஒன்றுகூடப் பெண் இல்லை.

காரணம் எளிது. பெண் ஈக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. ஒன்றிலுள்ள மரபணு பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். கூட இருக்கும் ஒய்யில் அந்த மரபணு கிடையாது. பழுது உடனே கண்ணில் தெரிந்துவிடும்.

பழுதுக்குப் பொருந்துவது நன்மைக்கும் பொருந்தாதா? 1987-இல் பிரையன் சார்ல்ஸ்வொர்த், ஜெர்ரி காயின், நிக் பார்ட்டன் மூவரும் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். நல்ல மாற்றம் ஒன்று ஒடுங்கு பண்பாக வந்தால், மற்ற குரோமோசோம்களில் அது தன் இணையின் நிழலில் மறைந்தே கிடக்கும். அதே மாற்றம் இன்னொன்று வந்து சேரும்வரை பயன் தெரியாது. அதற்குள் அழிந்தும் போகலாம். எக்ஸில் வந்தாலோ ஆண் ஈயிடம் அன்றைக்கே வேலையைக் காட்டிவிடும், இயற்கைத் தேர்வும் கையோடு பிடித்துக்கொள்ளும். ஆகவே எக்ஸ் மரபணுக்கள் வேகமாக மாற வேண்டும்.

மாறுகின்றனவா? சில ஒப்பீடுகளில் ஆம், சிலவற்றில் வித்தியாசமே இல்லை. ஆண் ஈயின் விந்தகத்தில் வேலைசெய்யும் மரபணுக்களில்தான் வேகம் பளிச்சென்று தெரிகிறது. அந்த வேகமெல்லாம் முன்னேற்றம் என்றும் எண்ணிவிட வேண்டாம். ஓர் ஆண், ஒரு பெண் என்று எடுத்தால் மற்ற குரோமோசோம்களுக்கு நான்கு பிரதி, எக்ஸுக்கு மூன்றே. எண்ணிக்கை குறைந்தால் தற்செயலின் கை ஓங்கும். லேசாகக் கெடுதல் செய்யும் மாற்றமும் நிலைத்துவிடலாம்.

ஒய்யின் கதைதான் எனக்குப் பிடித்தது. பழ ஈ ஆண்களில் குரோமோசோம் இணைகள் துண்டு மாற்றிக்கொள்வதே இல்லை. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் 'ட்ரோசோஃபிலா மிராண்டா' ஈயில், சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் சாதாரணக் குரோமோசோம் ஒன்று ஒய்யோடு போய் ஒட்டிக்கொண்டது. அன்று முதல் அது தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது. துண்டு மாற்ற வழியில்லாததால் நல்லதையும் கெட்டதையும் பிரிக்க முடியாது. ஒரு நல்ல மரபணு வேண்டுமென்றால் பக்கத்திலிருக்கும் கெட்டதையும் சுமந்தாக வேண்டும். அதன் மரபணுக்களில் பல இன்று பழுதாகியோ தொலைந்தோ போய்விட்டன. ஒட்டாமல் தப்பிய அதன் ஜோடியில் பெரும்பாலானவை நலமாக இருக்கின்றன.

நம் வாழைப்பழ ஈயின் ஒய் இன்னும் பழையது. அதில் புரதம் உண்டாக்கும் மரபணுக்கள் இருபதுகூடத் தேறாது. அந்த ஒய் இல்லாமலே பிறக்கும் ஆண் ஈ பிழைத்துப் பறக்கும். பிள்ளை மட்டும் பெறாது.